கொடுமுடி மணலும் அக்காவின் மோதிரமும்

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அக்கம்பக்கத்தாருக்கும், அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்கும் என் வணக்கம். முன்பக்கங்களில் அக்கா மகள் அழகாக எழுதியிருக்கிறாள். மாமாவும் நான்கு வரி எழுதிக் கொடுத்தார். அந்த நான்கு வரிக்கு அவருக்கு நான்கு நாள் ஆயிற்று. உடன்பிறந்தவன் என்ற முறையில் அக்காவின் வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் அதில் நான் நடந்துகொண்ட விதமும் வரும். அதை மறைத்துவிட்டு அக்காவைப் பற்றி எழுதினால், அக்காவே எழுந்து வந்து சிவப்பு மையால் சுழித்துவிடுவார்.

அக்கா பிறந்தது கொடுமுடியில், காவிரிக் கரையை ஒட்டிய தெருவில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் மஞ்சளும் கரும்பும் வெட்டிக் கூலி வாங்கியவர்கள். அக்காவுக்கு ஆறு வயதானபோது நான் பிறந்தேன். அன்றிலிருந்து அக்காவின் இடுப்பு என்னுடையதாகிவிட்டது. அம்மா வேலைக்குப் போனபின் அக்கா என்னைத் தூக்கிக்கொண்டு ஆற்று மணலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாராம். மணலில் விரலால் கணக்குப் போட்டுப் பார்த்து, சரியாக வந்தபிறகுதான் நோட்டில் ஏற்றுவார். நோட்டில் அடித்தல் திருத்தல் இருக்காது.

கொடுமுடியிலிருந்து ரயிலேறி ஈரோட்டுக்குப் போய் வேதியியல் பட்டம் படித்தார். எங்கள் தெருவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் அக்காதான். இரண்டே பாவாடை தாவணியை மாற்றி மாற்றிக் கட்டி மூன்று வருடத்தை ஓட்டினார். கூட்டமான ரயிலில் நின்றுகொண்டே படித்ததால்தான் தனக்குப் பாடம் நின்றது என்று வேடிக்கையாகச் சொல்வார்.

அக்காவிடம் ஒரு குணம் உண்டு. எதையும் சோதிக்காமல் ஏற்றுக்கொள்ளமாட்டார். பால்காரர் ஊற்றும் பாலில் ஒரு சொட்டை நகத்தில் விட்டுப் பார்ப்பார். கடையில் வாங்கிய மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்துப் பார்ப்பார். பரீட்சையில் பாஸ் என்று நான் சொன்னால் மார்க் அட்டையைப் பார்ப்பார், பிறகு அதைக் கூட்டிப் பார்ப்பார். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் எல்லோரும் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா அவர்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டு, “உப்பில்லீங்க, நல்ல தண்ணி” என்றார். என் மனைவி இன்றைக்கும் சொல்வாள், “என்னைய விட எங்க கெணறுதான் அண்ணிக்குப் புடிச்சிருந்துச்சு” என்று.

படிப்பு முடிந்ததும் சிங்காநல்லூரில் பஞ்சாலை ஒன்றில் வேலை பார்த்த மாமாவுக்கு அக்காவைக் கட்டிக் கொடுத்தார்கள். மாமா அதிகம் பேசாதவர். அக்கா சொல்வதற்கு எல்லாம் “ம்” என்பார். அந்த “ம்”மில் எத்தனை வகை உண்டு என்பது அக்காவுக்கு மட்டுமே தெரியும். அடுத்த ஓராண்டுக்குள் அப்பாவும் அம்மாவும் ஒருவர்பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். பத்தாவது முடித்த கையோடு நான் ஒரு தகரப் பெட்டியுடன் சிங்காநல்லூரில் இறங்கினேன். அக்கா என்னை ஃபிட்டர் படிப்பில் சேர்த்துவிட்டார். நான் தாய் தகப்பன் இல்லாத பிள்ளையாக ஒரு நாளும் சாப்பிட்டதில்லை.

பக்கத்தில் இருந்த வார்ப்படப் பட்டறையில் மணல் சோதிக்கும் வேலை அக்காவுக்குக் கிடைத்தது. இரும்பு ஊற்றும் அச்சுக்கு மணலில் ஈரம் எத்தனை, களிமண் எத்தனை என்று பார்த்துச் சொல்லவேண்டும். சின்ன வயதில் காவிரி மணல், பிறகு பட்டறை மணல். “என்ற தலையெழுத்த மணல்லதான் எழுதியிருக்காங்க” என்பார்.

மாமா வேலை பார்த்த ஆலை மூடிய சமயம் அது. நான் ஃபிட்டராக இருந்த பட்டறைக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. சத்தியமங்கலத்துக்கு மேலே மலை ஏறி, அந்தப் பக்கம் கர்நாடகத்தில் இறங்கினால் ஒரு பழைய தங்கச் சுரங்கம் உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் தோண்டி, பிறகு கைவிட்டது. அவர்கள் கல்லை அரைத்துத் தங்கம் எடுத்தது போக, கொட்டிய சக்கை மண் இரண்டு மேடுகளாகக் கிடந்தது. ஒன்று மேற்கு மேடு, ஒன்று கிழக்கு மேடு. அந்தக் காலத்து எந்திரங்களால் முழுத் தங்கத்தையும் பிரிக்க முடியவில்லை. சக்கையை இன்னும் மாவாக அரைத்தால் மிச்சம் கொஞ்சம் வரும். அப்படி எடுக்க அனுமதி வாங்கியிருந்த கோயம்புத்தூர் முதலாளி ஒருவருக்கு அரைக்கும் மில் வேண்டியிருந்தது.

எங்கள் ஊரில் மில் என்றால் நூல் மில்தான் நினைவுக்கு வரும். இது வேறு. வீட்டு கிரைண்டரில் கல் சுற்றும். இங்கே ஆள் உயர இரும்பு உருளையே சுற்றும். உள்ளே கிடக்கும் இரும்புக் குண்டுகள் உருண்டு விழுந்து, தண்ணீரோடு சேர்த்து மண்ணை அரைக்கும். அந்தச் சேறு ஆடும் மேசைகளின்மேல் ஓடும்போது கனமானது ஒரு ஓரமாக ஒதுங்கும். சுரங்கத்தின் வாயில் அப்படியே விட்டுப்போன கற்களையும் உடைத்து இடையிடையே போடுவோம். மில்லைப் பொருத்தப் போன நான் அங்கேயே ஃபோர்மேன் ஆகிவிட்டேன். மண்ணைச் சோதிக்க நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று முதலாளி கேட்டார். நான் அக்காவைச் சொன்னேன். மாமாவுக்கும் ஸ்டோரில் வேலை கிடைத்தது. அக்கா மகளையும் தூக்கிக்கொண்டு மூவரும் மலைக்கு அந்தப் பக்கம் குடியேறினோம்.

அக்காவின் வேலையை இங்கே கொஞ்சம் விளக்கியாக வேண்டும். மேட்டில் எந்த இடத்து மண்ணை அரைக்கலாம் என்பதை அக்காவின் மாதிரி அறைதான் சொல்லும். மூட்டை மண்ணைக் காயவைத்து, கூம்பாகக் குவித்து, நான்காகப் பிரித்து, இரண்டு பங்கைத் தள்ளி, மறுபடி குவித்து, கடைசியில் ஒரு கைப்பிடிக்குக் கொண்டுவருவார். அதை இரும்பு உரலில் கையால் நுணுக்கி, பழுப்புக் காகித உறையில் போட்டு எண் எழுதுவார். உறையின்மேல் நான்கு கட்டம் அச்சடித்திருக்கும்: எண், எடுத்த இடம், எடை, முடிவு. அந்த மண்ணை உருக்கித் தங்கத்தை எடைபோடும் உலையையும் தராசையும் பார்த்தவர் வேறொருவர். உறை அவர் கைக்குப் போகும்போது அதில் எண் மட்டும்தான் இருக்கும். எந்த எண் எந்த இடம் என்பது அக்காவின் நோட்டில் இருக்கும். மற்ற கட்டங்களை முடிவு வந்தபின் அக்காவே நிரப்புவார்.

ஒரு டன் மண்ணில் நாம் தேடும் தங்கம் ஒரு மூக்குத்திக்குக்கூடக் காணாது. கைப்பிடி மண்ணில் அது கண்ணுக்கே தெரியாது. எனவே மாதிரி அறைக்குள் யாரும் பொட்டுத் தங்கம்கூட அணிந்து வரக்கூடாது. வாசலில் ஒரு எவர்சில்வர் தட்டு இருக்கும். தோடு, மூக்குத்தி எல்லாவற்றையும் அதில் கழற்றி வைத்துவிட்டுத்தான் நுழையவேண்டும். அக்கா ஒரு படி மேலே போனார். பொன் தாலியை வீட்டில் சாமி படத்தின் கீழே வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார். மாமா “ம்” என்றார். ஊர் அப்படி விடவில்லை. உடுமலைப்பேட்டையில் ஒரு கல்யாணத்தில், பெரியம்மா முறையாகும் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்: “ஏன் அம்மணி, தங்கம் எடுக்கற கம்பெனில வேல, கழுத்துல வெறும் மஞ்சக் கவுறா?”

“தங்கம் எடுக்கறவளே தங்கத்தப் போட்டுட்டுப் போனா, மண்ணுத் தங்கம் எது, என்ற தங்கம் எதுன்னு தெரியாதுங்க பெரியம்மா” என்றார் அக்கா. பெரியம்மாவுக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு பழக்கத்தையும் அக்காவே ஏற்படுத்தினார். ஒவ்வொரு முறையும் மண் மாதிரிகளுக்கு நடுவே ஒரு பொட்டலம் வெறும் மணலையும் அதே உரலில் நுணுக்கிச் சேர்ப்பார். அதற்கும் எண் உண்டு. உலைக்காரருக்கு அது எது என்று தெரியாது. அந்தப் பொட்டலத்தில் ஒன்றுமில்லை என்று முடிவு வந்தால் எங்கள் வேலை சுத்தம். ஏதாவது வந்தால் எங்கோ அழுக்கு. அந்த வெறும் மணல் கொடுமுடிக் காவிரியிலிருந்து வந்தது. சின்ன வயதில் கணக்குப் போட்ட அதே மணலை அக்கா பலமுறை சோதித்து, ஒன்றுமில்லை என்று உறுதி செய்திருந்தார். ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு பை மணல் அள்ளி வருவது என் வேலை. கண்டக்டர் ஒருமுறை, “ஏனுங்க, அந்தப் பக்கம் மண்ணே இல்லீங்களா?” என்று கேட்டார்.

இப்படி இருக்கும்போது எனக்குக் கல்யாணம் ஆயிற்று. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்கும் அவன் உடன்பிறந்தவளுக்கும் இணைச்சீர் செய்வது வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். தாலி கட்டும் முன்பே, உடன்பிறந்தவளின் உறவு இதனால் அறாது என்று சபையறியச் சொல்லும் சீர் அது. அக்கா பட்டுடுத்தி, பூ வைத்து, கல்யாணப் பெண்ணைப் போலவே வந்து என் பக்கத்தில் நின்றார். சேலையின் ஒரு முனை என் கையில், மறுமுனை அக்கா கையில். வழக்கத்தில் இல்லாத ஒன்றை நான் அப்போது செய்தேன். சட்டைப் பையிலிருந்து ஒரு மோதிரத்தை எடுத்து அக்காவின் விரலில் போட்டேன். அக்கா அதுவரை மோதிரமே போட்டதில்லை. “ஏன்டா கண்ணு இதெல்லாம்?” என்று கேட்டுவிட்டு அக்கா அழுதார். மேடையில் இருந்த மாமாகூட “ம்”முக்கு மேலே எதையோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார்.

கல்யாணம் முடிந்து திரும்பினோம். மேற்கு மேடு முக்கால் பங்கு தீர்ந்திருந்த நேரம் அது. கிழக்கு மேட்டில் சரக்கு இருந்தால் இன்னொரு மில் போடுவது, இல்லையென்றால் மேற்கு மேட்டோடு மூட்டை கட்டுவது என்று முதலாளி முடிவு செய்திருந்தார். இரண்டாவது மில்லுக்கு நானே படம் வரைந்து வைத்திருந்தேன். அதை நடத்துவதும் நான்தான் என்று பேச்சு. முப்பது குடும்பங்களின் வேலை அதில் இருந்தது. அக்காவும் நானும் கிழக்கு மேட்டில் பள்ளம் பள்ளமாக இறங்கி மண் எடுத்தோம். அக்கா ஒரு வாரம் உட்கார்ந்து அத்தனையையும் நுணுக்கினார்.

முடிவு வந்தது. மேற்கு மேட்டைப்போல மூன்று மடங்கு. முதலாளி எல்லோருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார். அன்று மத்தியானம் மில் ஓடிக்கொண்டிருக்கும்போது அக்கா ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்.

“என்னுங்க்கா, மில்லு ஓடீட்டு இருக்குது.”

“ஓடட்டும். நம்ம கொடுமுடி மணல்ல தங்கம் வந்திருக்குது கண்ணு.”

“அப்படின்னா மில்லக் கொண்டுபோயிக் காவேரியில போட்டரலாமுங்க்கா.”

“சிரிக்காத. இதப் பாரு.”

அக்கா வலது கையை விரித்துக் காட்டினார். மோதிரம் மேல்பக்கம் பளபளவென்று இருந்தது. உள்ளங்கைப் பக்கம் முழுவதும் கீறல். தோட்டையும் மூக்குத்தியையும் தாலியையும் கழற்றி வைக்க அக்காவின் கைக்குப் பல வருடப் பழக்கம் உண்டு. காதும் மூக்கும் கழுத்தும் தானாக நினைவுபடுத்தும். மோதிரம் புதிது. விரலுக்கு அந்தப் பழக்கமே இல்லை. உரலில் நுணுக்க நுணுக்க, உலக்கையில் ஒட்டிய கல் தூள் மோதிரத்தை அராவி, அந்தத் தங்கம் மாதிரியில் கலந்திருக்கிறது. ஆற்று மணலிலேயே தங்கம் காட்டுகிறது என்றால் மேட்டு மண்ணில் காட்டியதில் பாதிக்குமேல் நான் போட்ட மோதிரம்.

எனக்கு அது புரிந்தது. நன்றாகவே புரிந்தது. புரிந்தபிறகுதான் இதைச் சொன்னேன்.

“ஒரு பொட்டலந்தானுங்க்கா. அது மணல்னு உங்களுக்கும் எனக்குந்தான் தெரியும். உட்டுப்போடுங்க.”

“எப்படிறா உட்டுப்போடறது?”

“சொன்னா கெழக்கு மேடு போச்சு. என்ற மில்லும் போச்சு. இத்தன பேரு சோறுங்க்கா.”

“மேட்டுல இல்லாததயா கண்ணு சோத்துல போடப் போறோம்?”

அக்கா மோதிரத்தைக் கழற்றி, மேசையில் இருந்த ஒரு காலி உறைக்குள் போட்டார். நான் மில்லுக்குத் திரும்பிவிட்டேன். இரண்டு நாள் அக்கா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நான் மனதுக்குள் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அந்த இரண்டு நாளும் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை என்று மாமா பிற்பாடு சொன்னார். என் கல்யாணம் முடிந்து மாதம் ஆகவில்லை. என்னைக் காப்பதா, கணக்கைக் காப்பதா என்று அக்கா தவித்திருக்கிறார். அந்தத் தவிப்பை அக்காவுக்குக் கொடுத்தவன் நான்.

மூன்றாம் நாள் காலை அக்கா நோட்டை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மோதிரத்தை யார் போட்டது என்பதை மட்டும் சொல்லவில்லை. என்னிடம் முதலில் சொன்னதையும், நான் கொடுத்த யோசனையையும் சொல்லவில்லை. முதலாளி நோட்டை வாங்கி ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தார்.

“ஏம்மா, நீங்க சொல்லாட்டி நான் கண்டே புடிச்சிருக்க மாட்டனே.”

“ஆமாங்க. அதனாலதானுங்க வந்து சொல்றேன்.”

மறுபடியும் மண் எடுத்தோம். இந்த இடத்தை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. மனைவியிடம்கூட இதை நான் சொன்னதில்லை. மாதிரி நுணுக்கும் நாளன்று நானும் போய் நின்றேன். “உங்களுக்குக் கை வலிக்குமுங்க்கா. பாதிய நான் அரைக்கறேன்” என்றேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வாசலில் இருந்த எவர்சில்வர் தட்டை எடுத்து என் முன்னால் நீட்டினார். என் விரலில் என் கல்யாண மோதிரம் இருந்தது.

“மறந்துட்டனுங்க்கா.”

“பரவால்ல கண்ணு. நானும் மறந்தவதான்.”

நான் உண்மையிலேயே மறந்துதான் போனேனா? இத்தனை வருடமாக என்னை நானே கேட்டுப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துதான் அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறேன். மோதிரத்தைக் கழற்றித் தட்டில் போட்டேன். இரண்டு பேரும் எதிரெதிராக உட்கார்ந்து சாயங்காலம்வரை நுணுக்கினோம்.

இந்த முறை கொடுமுடி மணலில் ஒன்றுமில்லை. கிழக்கு மேட்டிலும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. இரண்டாவது மில் வரவில்லை. மேற்கு மேட்டில் இருந்த மிச்சத்தை அரைத்து முடித்ததும் மூடுவது என்றார் முதலாளி. நான் அன்றைக்கே பெட்டியைக் கட்டினேன். பஸ் ஏறும் முன் அக்காவிடம் சொன்ன வார்த்தை இது: “நான் போட்ட மோதரந்தான் முப்பது குடும்பத்தக் கெடுத்துச்சுன்னு எழுதி வெச்சுக்குங்க.” அக்கா பஸ் நகரும்வரை படிக்கட்டுப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒரு வருடத்துக்கு மேல் நான் அக்காவோடு பேசவில்லை. சிங்காநல்லூரில் பழைய பட்டறையில் சேர்ந்துகொண்டேன். அக்கா போன் செய்தால் மனைவியிடம் கொடுத்துவிடுவேன். அக்காவும் என்னைக் கூப்பிடச் சொல்லமாட்டார். வீட்டு நடப்பெல்லாம் பேசி முடித்தபின் என் காதில் விழும்படி மனைவி திருப்பிச் சொல்வாள்: “மணல் தீந்துபோச்சாமுங்க. அண்ணி சொல்லச் சொன்னாங்க.” ஒவ்வொரு போனிலும் மணல் தீர்ந்துபோயிருக்கும். அக்காவுக்கு வேறு ஆள் கிடைக்காமல் இல்லை. கொடுமுடிக்குப் போய்வர மாமா இருந்தார். லாரிக்காரர்கள் இருந்தார்கள்.

எனக்குப் பெண் பிறந்தபோது அக்கா வரமுடியாதபடி காய்ச்சலில் கிடந்தார். “அண்ணி இல்லாம பேரு வெக்க மாட்டேன். போயிக் கூட்டீட்டு வாங்க” என்று மனைவி ஒரே பிடியாக நின்றாள். நான் கிளம்பினேன். ஆனால் நேராக மலைக்குப் போகவில்லை. கொடுமுடியில் இறங்கி, ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு பை நிறைய மணல் அள்ளினேன். அதைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று பஸ் மாறிப் போய், அக்கா வீட்டு வாசலில் இறக்கினேன். அக்கா போர்வையோடு எழுந்து வந்து பையைப் பிரித்தார். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார்.

“ஈரமா இருக்குது. காய வெக்கோணும்” என்றார். பிறகு, “நல்லாக் கழுவித்தான் அள்ளுனியா, கண்ணு?” என்று கேட்டார்.

“கழுவுனனுங்க்கா” என்றேன்.

மன்னிப்பு என்ற சொல்லை அன்றும் நான் சொல்லவில்லை. அதன்பிறகும் சொல்லவில்லை. இருவரும் முற்றத்தில் சாக்கு விரித்து அந்த மணலைக் காயப் போட்டோம். மோதிரத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. உலையில் போட்டு உருக்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மேற்கு மேடு தீர்ந்து மில்லைக் கழற்றியபின் அக்காவும் மாமாவும் சிங்காநல்லூருக்கே வந்துவிட்டார்கள். வீட்டின் பின்பக்கம் ஒரு சிறிய சோதனை அறை போட்டார் அக்கா. நகைப் பட்டறைகளில் கூட்டி அள்ளிய குப்பை மண், வார்ப்பட மணல், வெளியூர்ச் சுரங்கங்களிலிருந்து கல் என்று எல்லாம் வந்தன. முதல் ஆளை அனுப்பிவைத்தது வேறு யாருமில்லை, அந்த முதலாளிதான். தன் மேட்டில் தங்கம் இல்லையென்று சொன்னவரைப் பற்றி அவர் போகுமிடமெல்லாம் பெருமையாகப் பேசினார். இங்கும் வாசலில் அதே எவர்சில்வர் தட்டு. வருகிற நகைப் பட்டறைக்காரர்கள், “தங்கம் பாக்க வந்தா தங்கத்தக் கழட்டச் சொல்றாங்கய்யா இந்தம்மா” என்று சிரித்துக்கொண்டே கழற்றி வைப்பார்கள். அக்கா எழுதிக் கொடுத்த சீட்டை யாரும் மறுபடி சோதித்துப் பார்த்ததில்லை.

கடைசி இரண்டு வருடம் நெஞ்சில் தொந்தரவு. மூச்சு வாங்கியது. மூக்கில் துணி கட்டாமல் ஒரு நாளும் நுணுக்காதவர்தான். ஆனாலும் வாழ்நாள் முழுக்க மணல் தூள். ஸ்கேன் எடுக்கப் போனபோது நர்ஸ், “நகை ஏதாச்சும் இருந்தா கழட்டிருங்கம்மா” என்றார். “எங்கிட்ட ஒண்ணுமில்லீங்க சாமி. நான் எப்பவும் கழட்டி வெச்சுட்டுத்தான் உள்ள வருவேன்” என்றார் அக்கா. அந்தப் பெண் சிரித்தாள். நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

கடைசி வாரத்தில் பேச்சு குறைந்துவிட்டது. ஒரு காலையில் என் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். என் கல்யாண மோதிரம் வந்ததும் அங்கேயே நிறுத்திக்கொண்டார். அப்படியே தூங்கிப்போனார். இரண்டு நாள் கழித்து, மாமாவும் மகளும் பக்கத்தில் இருக்க, அமைதியாகப் போய்விட்டார்.

பிறந்த வீட்டுக் கோடித் துணியை நான் போட்டேன். பொன் தாலி போட்டு அனுப்புவதா என்று பெரியவர்கள் கேட்டபோது, மாமா அன்றைக்கு முழுதாக ஒரு வாக்கியம் பேசினார்: “அவ மஞ்சக் கவுத்தோடயே போகட்டுமுங்க, அதுதான் அவளுக்குச் சுத்தம்.” சாம்பலைக் கொடுமுடியில் கரைத்தோம். கரையேறும்போது என் கை தானாக இறங்கி ஒரு பிடி மணலை அள்ளிவிட்டது. கேட்பதற்கு ஆள் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆற்றிலேயே போட்டுவிட்டு வந்தேன்.

அக்காவின் கடைசி நாட்களில் மாற்றி மாற்றி உடனிருந்த சொந்தங்களுக்கும், கஞ்சி வைத்துக் கொடுத்த அக்கம்பக்கத்து அம்மணிகளுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் நர்ஸ்களுக்கும், தோள் கொடுத்த பட்டறை நண்பர்களுக்கும், மலை தாண்டி வந்து மாலை போட்ட முதலாளிக்கும், பழைய மில் ஆட்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. கிழக்கு மேட்டால் வேலை போனவர்கள் அந்தக் கூட்டத்தில் பலர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட அக்காவைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. குறை சொன்னது நான் ஒருவன்தான்.

இந்தக் கட்டுரையை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய நாளன்று அக்கா மகள் என்னைத் தேடி வந்தாள். அக்காவின் பெட்டியில் பட்டுச்சேலைக்கு அடியில் இருந்ததாக ஒரு பழுப்புக் காகித உறையைக் கொடுத்தாள். சுரங்கத்தில் பயன்படுத்திய அதே உறை. உள்ளே அந்த மோதிரம், கீறல்களோடு அப்படியே இருந்தது. எழுதி வெச்சுக்குங்க என்று பஸ் ஏறும் முன் நான் சொல்லியிருந்தேன். அக்கா எழுதித்தான் வைத்திருக்கிறார். பாலையும் மஞ்சளையும் கிணற்றுத் தண்ணீரையும் சோதித்துப் பார்த்த என் அக்கா, நான்கு கட்டங்களையும் தன் கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பியிருக்கிறார்.

எண்: ஒன்று.

எடுத்த இடம்: தம்பி கல்யாணம், இணைச்சீர்.

எடை: பார்க்கவில்லை.

முடிவு: சோதனை தேவையில்லை.